பழைய மைப்பேனாவில் மை நிரப்பும் முறையைக் கண்டறிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது தகரப் பெட்டிகளிலிருந்தும் மேசை இழுப்பறைகளிலிருந்தும் மைப்பேனாக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. திருவிதாங்கூர்க் கச்சேரிகளில் எழுத்தராக இருந்தவர்கள், மிஷன் பள்ளி ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், பத்திரம் எழுதியவர்கள் என்று இங்கே எழுத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். கொழும்புக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் கொண்டுவந்த பேனாக்களும் உண்டு. பிற்காலத்தில் வளைகுடாவிலிருந்து வந்தவையும் உண்டு. அவற்றைக் கையில் எடுப்பவர்கள் முதலில் கேட்பது, "இதில் எப்படி மை நிரப்புவது?" என்பதுதான். தெரியாமல் திருகி, தெரியாமல் இழுத்து உடைத்த பேனாக்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அதனால்தான் இந்தப் பதில்கள்.

தாத்தாவின் பேனா கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் திருகாதீர்கள், இழுக்காதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள். மூடியை மட்டும் மெதுவாகக் கழற்றுங்கள். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின்மேல் வைத்துப் பாருங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: பேனாவின் வால்முனை, உடலின் பக்கவாட்டு, நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கு, கழுத்தும் (நிப்பைத் தாங்கும், விரல் பிடிக்கும் பகுதி) உடலும் சேரும் இடம்.

வால்முனையில் மயிரிழை போல ஒரு கோடு சுற்றி ஓடுகிறதா? அங்கே திருகிக் கழற்றும் சிறு மூடியோ, சுழலும் குமிழோ இருக்கிறது. பக்கவாட்டில் உலோகப் பட்டை பதிந்திருக்கிறதா? அது நெம்புகோல். வெளியே எதுவுமே இல்லையென்றால் இரண்டே வாய்ப்புகள்: சொட்டுக்குழாயால் நேரே மை ஊற்றும் பேனா, அல்லது உடலைக் கழற்றினால் உள்ளே ரப்பர் பையோ, மை அடைத்த சிறு குப்பியான கார்ட்ரிட்ஜோ இருக்கும் பேனா.

பிறகு காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள். கலகலவென்று சத்தம் வந்தால், உள்ளே இருந்த ரப்பர் பை காய்ந்து நொறுங்கிவிட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

வெளியே ஓட்டை, நெம்புகோல், குமிழ் எதுவும் இல்லை. கழுத்தைத் திருகினால் உடல் வெறுமையாக இருக்கிறது. ஏதாவது காணாமல் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. நம் ஊரில் கிடைக்கும் பழைய பேனாக்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்பது என் அனுபவம். உடலே மைக்கூடு. கழுத்தைத் திருகிக் கழற்றி, சொட்டுக்குழாயால் மை ஊற்றி, மறுபடி மூடி எழுதினார்கள். 1884இல் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாவும் இப்படி ஊற்றி எழுதியதுதான். மேலை நாடுகளில் முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி இந்த முறை பின்தங்கிவிட்டது. இந்தியாவில் அது மறையவே இல்லை. ராஜமுந்திரியின் ரத்னம் பேனா, சென்னை பாரிமுனை ஜெம் அண்ட் கோவின் காமா, திருவள்ளூர் ரங்கா என்று எபனைட் என்ற கெட்டி ரப்பரில் கடைந்த இந்தியப் பேனாக்களின் அடையாளமே இந்த முறைதான்.

குறைபாடுள்ள முறை என்று இதைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கெட்டுப்போக ஒன்றுமே இல்லாத பேனா இது. இரண்டு மில்லிக்கு மேல் மை பிடிக்கும். சின்னக் கார்ட்ரிட்ஜில் முக்கால் மில்லிதான் இருக்கும். மரையில் சிறிதளவு சிலிக்கான் கிரீஸ் தடவினால் கசிவும் நிற்கும். ஒரே ஒரு பேனாதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் எடுப்பது இதைத்தான்.

வெறுமையாக இருக்கும் எல்லாப் பேனாவிலும் மை ஊற்றலாமா?

கூடாது. பல நல்ல பேனாக்கள் பாழாவது இங்கேதான். ரப்பர் பை இருந்த பேனாவில் பை அழிந்து கொட்டிப்போயிருந்தால், உடல் வெறுமையாகத்தான் தெரியும். அதில் மை ஊற்றினால் நெம்புகோலின் பிளவு வழியாகச் சட்டைப்பை முழுவதும் மையாகும். உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை துருப்பிடிக்கும்.

வேறுபாடு கழுத்தின் பின்பக்கத்தில் தெரியும். கழற்றிய கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். மரை முடிந்த பிறகு விட்டம் குறைந்த ஒரு காம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா? அதன்மேல் பழுப்பு நிறத்தில் அரக்கோ, கறுத்த ரப்பர் வளையமோ ஒட்டியிருக்கிறதா? அங்கேதான் பையை மாட்டியிருந்தார்கள். இந்தக் காம்பு இல்லாமல், மரை உடலின் உள்மரையோடு நன்றாகப் பொருந்தி, உடலின் உட்சுவரில் அடிவரை மைக்கறை படிந்திருந்தால் மட்டும் ஊற்றும் பேனா என்று நம்பலாம்.

இன்னொரு தடயமும் உண்டு. செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆன வெளிர் நிறப் பேனாவில் மூடி பச்சையாகவும் உடல் மட்டும் பழுத்து மங்கியும் இருந்தால், உள்ளே ரப்பர் பை இருந்திருக்கிறது. ரப்பரிலிருந்து வெளியேறும் கந்தகம் உள்ளிருந்தபடியே செல்லுலாய்டின் நிறத்தை மாற்றிவிடும். மூடிக்கு அந்தப் பாதிப்பு இல்லை.

பக்கவாட்டில் நெம்புகோல் இருக்கிறது. தூக்கிப் பார்க்கலாமா?

தூக்கலாம், நகத்தின் நுனியால் மட்டும். அமெரிக்காவின் ஷீஃபர் 1908இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு எஸ்டர்புரூக், கான்வே ஸ்டூவர்ட் உட்பட எத்தனையோ நிறுவனங்கள் இந்த முறையைக் கையாண்டன. நெம்புகோலைத் தூக்கினால் உள்ளே ஓர் உலோகப் பட்டை ரப்பர் பையை அழுத்தும், காற்று வெளியேறும். விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். விட்ட பிறகும் பத்து விநாடியாவது நிப்பை மைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

தூக்கும்போது விரலுக்குத் தெரிவதைக் கவனியுங்கள். மெல்லிய எதிர்ப்போடு எழுந்து, விட்டதும் தானே படிந்தால் பை உயிரோடு இருக்கிறது. கல்லில் மோதியதுபோல் நின்றால் பை இறுகிவிட்டது, அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வழிக்கு வரும் என்று தோன்றும், வராது. நெம்புகோல் வளையும் அல்லது உடல் வெடிக்கும். எந்த எதிர்ப்பும் இல்லாமல் லொடலொடவென்று ஆடினால் பை இல்லை, அல்லது உள்ளே இருக்கும் பட்டை துருவேறி ஒடிந்திருக்கிறது.

வால்முனை மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பொத்தான். அழுத்தலாமா?

அது எந்தப் பொத்தான் என்று முதலில் பாருங்கள். குமிழ்போன்ற சிறிய பித்தளைப் பொத்தான், அழுத்தினால் சிறிதளவே இறங்கும் என்றால் அது பொத்தான் முறை. பார்க்கர் நிறுவனம் 1921இல் கொண்டுவந்த டியூஃபோல்டு இந்த வகை. பொத்தானை அழுத்தினால் உள்ளே உள்ள பட்டை வில்லாக வளைந்து பையை நசுக்கும். நெம்புகோலுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

பொத்தானுக்குப் பதிலாக, ஸ்பிரிங்கோடு நீண்டு ஏறி இறங்கும் அலுமினிய அல்லது பிளாஸ்டிக் தண்டு இருந்தால் அது பார்க்கர் வாக்குமேட்டிக். 1933இல் வந்தது. உடலில் பளபளப்பான வளையக் கோடுகள் அடுக்கடுக்காக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நல்ல நிலையில் உள்ளவற்றில் கோடுகளுக்கு இடையே ஒளி ஊடுருவும். இதில் மைக்கு ரப்பர் பை கிடையாது, உடலிலேயே மை நிற்கும். தண்டின் அடியில் ஒரு ரப்பர்த் திரை இருக்கிறது. பல முறை அழுத்த அழுத்தக் காற்று போய் மை ஏறும். அந்தத் திரைதான் காலத்தால் கெடும். அதை மாற்றத் தனிக் கருவி வேண்டும். குறடு வைத்துத் திருகும் எண்ணமே வேண்டாம்.

வால்முனை சுழல்கிறது, ஆனால் கழன்று வரவில்லை.

பிஸ்டன். குமிழை இடப்பக்கமாகத் திருகத் திருக உள்ளே பிஸ்டன் கீழே இறங்கும். எதிர்ப்பக்கம் திருப்பினால் மேலேறி மையை இழுக்கும். பெலிக்கான் 1929இல் இந்த முறையை வெற்றிகரமாகக் கொண்டுவந்தது. மாண்ட் பிளாங்க் மைஸ்டர்ஷ்டூக் 149, 1966இல் வந்த லாமி 2000 ஆகியவையும் பிஸ்டன் பேனாக்கள். கழுத்துக்கு மேலே மையின் அளவைப் பார்க்கக் கண்ணாடிபோல ஒரு வளையம் பெரும்பாலும் இருக்கும். இறுகியிருந்தால் வலுவாகத் திருகாதீர்கள். நிப்புப் பக்கம் மட்டும் குளிர்ந்த நீரில் படும்படி இரவு முழுவதும் நிறுத்திவைத்து, மறுநாள் மெல்ல முயலுங்கள். பிஸ்டனின் அடைப்பு கார்க்காக இருக்கும் பழைய பேனாவில் அது காய்ந்து சுருங்கியிருக்கும். நீர் பட்டால் ஓரளவு உப்பி மீளும்.

ஜப்பானியப் பேனா என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அங்கே சில பேனாக்களில் வாலில் பிஸ்டன்போலவே ஒரு குமிழ் இருக்கும். ஆனால் அது மையை உறிஞ்சாது. உடலில் மை ஊற்றும் பேனாதான் அது. நிப்புக்கு மை போகும் வழியை ஒரு தண்டு அடைத்திருக்கும். எழுதும்போது குமிழைச் சற்றுத் திருகினால் வழி திறக்கும். கழுத்தைக் கழற்றிப் பார்த்தால் நடுவே அந்தத் தண்டு தெரியும்.

வால்முனையைத் திருகி இழுத்தால் நீளமாக ஏதோ வெளியே வருகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். வருவது மெல்லிய கம்பியா, அகன்ற குழாயா என்று பாருங்கள். அந்த ஒன்றிலேயே பாதி விடை இருக்கிறது.

மெல்லிய கம்பி என்றால் வெற்றிட முறை. பிரிட்டனின் ஒனோட்டோ 1905இலேயே இப்படி வந்தது. 1930களில் ஷீஃபரும் செய்தது. கம்பியை முழுவதும் இழுத்து, நிப்பை மையில் வைத்துக் கீழே தள்ளினால், பின்னால் வெற்றிடம் உருவாகும். கடைசியில் உடல் அகலும் இடத்தை எட்டியதும் மை சட்டென்று பாயும். ஒரே தள்ளலில் நிறைவது பார்க்கவே அழகு.

அகன்ற உலோகக் குழாய் என்றால் அது ஷீஃபரின் டச்டவுன் அல்லது ஸ்னார்க்கல். 1949இல் டச்டவுன், 1952இல் ஸ்னார்க்கல். இரண்டிலும் உள்ளே ரப்பர் பை உண்டு. குழாயை வேகமாகத் தள்ளும்போது அழுத்தப்படும் காற்று பையை நசுக்கும். கடைசியில் காற்று வெளியேறியதும் பை விரிந்து மை எடுக்கும். ஸ்னார்க்கல் என்றால் வாலைத் திருகும்போதே நிப்புக்கு அடியிலிருந்து ஊசிபோன்ற குழாய் நீண்டு வரும். மையில் நனைவது அந்தக் குழாய் மட்டுமே, நிப்பு நனையாது. மூடிய நிலையிலேயே கண்டுபிடிக்க வேண்டுமானால் நாக்கின் நுனியைப் பாருங்கள்: சாய்வாக வெட்டிய சிறு குழாய் வாய் தெரிந்தால் ஸ்னார்க்கல்.

என்னிடம் இருப்பது பார்க்கர் 51 என்கிறார்கள். ஹீரோ பேனாவும் இதேபோல்தானே இருக்கிறது?

நிப்பு முழுவதும் மறைந்து நுனி மட்டும் தெரியும் அமைப்பு பார்க்கர் 51உடையது. 1941இல் விற்பனைக்கு வந்தது. சீனத்து ஹீரோ பேனாக்கள் சில அதே உருவத்தில் செய்யப்பட்டன. நம் பள்ளிக்கூடங்களில் ஒரு தலைமுறையே அவற்றால் எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் பெயர் மூடியிலோ உடலிலோ பொறிக்கப்பட்டிருக்கும். லென்ஸ் வைத்துத் தேடுங்கள்.

பார்க்கர் 51இல் இரண்டு முறைகள் உண்டு. 1948 வரை வாக்குமேட்டிக். வால்முனையில் சிறு மூடிக்கான கோடு தெரியும். அதன் பின் வந்ததில் அந்தக் கோடு கிடையாது. உடலை நடுவில் திருகிக் கழற்றினால், உள்ளே ஓர் உலோக உறையும் அதில் அழுத்தும் பட்டையும் இருக்கும். பட்டையைப் பலமுறை அழுத்தி விட வேண்டும். இந்த இரண்டாவது வகையில் உள்ள பை ரப்பர் அல்ல, ஒளி ஊடுருவும் ஒருவகை பிளாஸ்டிக். 70 ஆண்டு கடந்தும் பெரும்பாலானவை இன்னும் வேலை செய்கின்றன. எனவே எழுதுவதற்காகப் பழைய பேனா தேடுபவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான். ஹீரோவும் அழுத்தும் வகையே. அதை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கழுவி வைத்தால் அருமையாக எழுதும்.

இவற்றில் எதிலும் சேராத பேனாக்கள்?

அரிதாக வரும். உடலிலிருந்து அரைவட்ட உலோகத் தகடு புடைத்து நின்றால் அமெரிக்காவின் கான்க்ளின். அந்தத் தகட்டால் மேசையிலிருந்து உருளாது என்று மார்க் ட்வெய்ன் அதைப் பாராட்டினார். பக்கவாட்டில் சிறு ஓட்டை மட்டும் இருந்தால் தீக்குச்சியால் பையை அழுத்தும் வகை. நீண்ட பிளவு இருந்தால் நாணயத்தால் அழுத்தும் வகை. 1956இல் வந்த பார்க்கர் 61இல் உடலைக் கழற்றினால் முனை திறந்த ஓர் உருளை இருக்கும். அதன் பின்முனையை மையில் வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும், நிப்பை நனைக்கவே வேண்டாம்.

கார்ட்ரிட்ஜ் பேனாவை எப்படி அறிவது?

கழுத்தின் பின்னே கூரிய சிறு குழாய் இருக்கும். கார்ட்ரிட்ஜைத் துளைப்பது அது. அதற்குப் பதிலாக, மையை உறிஞ்சும் கன்வெர்ட்டரைப் பொருத்தினால் புட்டி மையும் நிரப்பலாம். எந்த நிறுவனத்துக் கார்ட்ரிட்ஜ் பொருந்தும் என்பதைக் கேட்டு வாங்குங்கள். பார்க்கர், பைலட் போன்றவை தத்தமக்கென்று தனி அளவு வைத்திருக்கின்றன.

பேனா எந்தப் பொருளால் ஆனது என்பது ஏன் முக்கியம்?

தவறான பொருளைத் தண்ணீரிலோ சூட்டிலோ வைத்தால் திரும்பப் பெற முடியாது. கட்டைவிரலால் உடலை வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபனைட். ரப்பரையும் அதிக அளவு கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய பொருள் அது. அமெரிக்காவில் 1851இல் நெல்சன் குட்இயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் பால்வெட்டும் மரத்தின் பாலிலிருந்து வருவதுதான் பேனாவின் உடலும் உள்ளே இருக்கும் பையும் என்பதை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை. எபனைட்டை வெந்நீரில் ஊறவைத்தால் கறுப்பு போய்ப் பழுப்பாகும். வெயிலும் அதையே செய்யும்.

சூடத்தின் வாடை வந்தால் செல்லுலாய்டு. அது செய்யும்போதே சூடம் சேர்க்கப்படுகிறது. எளிதில் தீப்பற்றும். விளக்கருகே கொண்டுபோகாதீர்கள், நகப்பூச்சு நீக்கும் திரவத்தால் துடைக்காதீர்கள், உடல் கரைந்துவிடும். பழைய ஆங்கிலேயப் பேனாக்களில் சில, பால் புரதத்திலிருந்து செய்த கேசீனால் ஆனவை. அவை தண்ணீரில் உப்பிப் பிளக்கும். எது என்று உறுதியாகத் தெரியாதவரை உடலை நனைக்காமல் நிப்புப் பக்கத்தை மட்டும் நனைப்பதே நல்லது.

குளச்சலில் கடலோரம் வீடு. பேனாக்களை எப்படிப் பாதுகாப்பது?

உப்புக்காற்றும் ஈரமும்தான் எதிரி. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. வருடத்தில் பல மாதங்கள் அலமாரி ஈரமாகவே இருக்கும். நெம்புகோல் பேனாவின் எஃகுப் பட்டையும் எஃகு நிப்பும் முதலில் பாதிக்கப்படும். மை நிரப்பியபடி பேனாவை வைக்காதீர்கள். கழுவி, நிப்பைக் காகிதத்தின்மேல் நிறுத்தி உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். செல்லுலாய்டுக்கு மட்டும் காற்றுப் புகும் பெட்டி வேண்டும். மற்றவற்றோடு நெருக்கி அடைக்காதீர்கள். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள்.

ஊற்றும் பேனா, மை தீரும் நேரத்தில் கக்குகிறது. கழுத்தில் கசிவு இல்லை.

கையின் சூடுதான். உடலில் மை குறையக் குறையக் காற்று அதிகமாகும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை நிப்பு வழியே வெளியே தள்ளும். கால்வாசி இருக்கும்போதே மறுபடி நிரப்பிவிடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக்கைவிடத் தடித்த எபனைட் சூட்டைக் குறைவாகக் கடத்துவதால் கக்குவதும் குறையும்.

ரப்பர் பையை நானே மாற்றலாமா?

நெம்புகோல், பொத்தான் பேனாக்களில் பொறுமை உள்ளவர்கள் மாற்றலாம். கைக்குத் தாங்கும் அளவு மட்டும் சூடுகாட்டி, கழுத்தைச் சற்றுச் சற்றாக அசைத்துக் கழற்ற வேண்டும். சிலவற்றில் மரை, சிலவற்றில் வெறும் செருகல். திருகும் முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பையைச் சுரண்டிக் காம்பைச் சுத்தம் செய்து, அரக்கு தடவிப் புதிய பையை மாட்டுங்கள். பையின் எண், அங்குலத்தை 64 பங்காக்கிய கணக்கில் அதன் விட்டம்: 16ஆம் எண் பை கால் அங்குலம். உடனே ஒட்டும் பசையை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அடுத்து மாற்ற வருபவர் காம்பை உடைக்க வேண்டியிருக்கும். வாக்குமேட்டிக், ஸ்னார்க்கல், பழைய பிஸ்டன் ஆகியவற்றை அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

வாங்கும்போது விற்பவரிடம் என்ன கேட்பது?

"நன்றாக எழுதும்" என்பது பதில் ஆகாது. நிப்பை மையில் தோய்த்து எழுதிக் காட்டினால் எந்தப் பேனாவும் எழுதும். என்ன முறையில் நிரப்புவது, பை அல்லது அடைப்பு எப்போது மாற்றப்பட்டது, உங்கள் கண்ணெதிரே தண்ணீர் உறிஞ்சி விடுமா என்று கேளுங்கள். வால்முனை, கழுத்தின் பின்பக்கம், நாக்கின் நுனி ஆகிய மூன்றையும் தெளிவாகக் காட்டும் படங்களைக் கேளுங்கள். அந்த மூன்றையும் காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

என்ன மை ஊற்றலாம்?

கேமல், பிரில் போன்ற சாதாரண மைப்பேனா மையே போதும். முதலில் நீலம், கழுவினால் எளிதில் போகும். வரைபட வேலைக்கான கறுப்பு மையில் அரக்கு இருக்கும். அது நாக்கின் சன்னமான வழிகளை அடைத்துவிடும்.